66 இம்பாலாவுக்கு முன் டிஸ்க் பிரேக் கிட்: யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம்

பழைய டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் போடும் இந்தக் கிட் நல்ல கிட்தான். சாமான் உறுதியாக இருக்கிறது, போட்ட பிறகு வண்டி நேராக நிற்கிறது. ஆனால் இதை வாங்கத் துடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தேவையே இல்லை என்பது என் கருத்து. அவர்களுக்கு உண்மையில் வேண்டியது இதில் எட்டில் ஒரு பங்கு விலையில் கிடைக்கும் வேறொரு சாமான், அதைப் பற்றியும் பிறகு சொல்கிறேன்.

விற்றவர் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. இதே படம், இதே கிட், நாலைந்து பெயர்களில் வேறு வேறு நிறப் பெட்டியில் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தேன். பெட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள், மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து அல்ல.

வண்டி 1966 செவ்ரோலெ இம்பாலா, நாலு கதவு ஹார்ட்டாப், 283 வி8 இன்ஜின், இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நீளம் 213 அங்குலம், அதாவது 18 அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. எடை ஆள் ஏறாமலே 3,600 பவுண்டைத் தாண்டும். இவ்வளவு இரும்பையும் நிறுத்த நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் (இன்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தால் மிதிக்குக் கூடுதல் பலம் தரும் சாதனம்) கிடையாது, ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர் (மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை). அரிசோனாவில் இருந்து வந்த வண்டி என்பதால் சேஸில் துரு இல்லை, ஆனால் ரப்பர் சாமான் எல்லாம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. இங்கே மிச்சிகனில் சொந்த வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று கிடையாது, ஆகவே பிரேக் எந்த நிலையில் இருக்கிறது என்று நம்மைத் தவிர வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

டிரம் பிரேக் என்றாலே குப்பை என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். அந்தக் காலத்து டிரம்மில் ஒரு ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும், லைனிங் ஒட்டிய வளைந்த கட்டை) சுழலும் டிரம்மோடு ஒட்டி இழுபட்டு அடுத்த ஷூவையும் தள்ளிவிடும், அந்த இழுவையே பிரேக் பிடிக்கும் பலத்தைக் கூட்டுகிறது. பூஸ்டர் இல்லாமலே அத்தனை பெரிய வண்டியைக் காலால் நிறுத்த முடிந்ததற்கு அதுதான் காரணம். சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம் முதல் மிதியில் டயரையே லாக் செய்துவிடும், அதற்கு மேல் டிஸ்க் வந்தாலும் டயர் பிடிமானத்தைத் தாண்டி ஒன்றும் செய்துவிட முடியாது. சிக்கல் இரண்டாவது, மூன்றாவது மிதியில்தான் ஆரம்பிக்கும். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும், பெடல் கீழே இறங்கும், லைனிங்கின் உராய்வும் குறையும். ஒரு பக்கம் மட்டும் தண்ணீரோ கிரீஸோ பட்டால், அந்த இழுவையும் ஒரு பக்கம் மட்டும் மாறி ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். டிஸ்க்கில் இந்தத் தானாக இழுக்கும் விளையாட்டு இல்லை, அதனால் சீராகப் பிடிக்கும், ஆனால் அதே காரணத்தால் அழுத்தம் அதிகம் வேண்டும், பூஸ்டர் வேண்டும்.

மிச்சிகன் மேடு பள்ளம் இல்லாத சமதளமான ஊர், இங்கே உள்ளூரில் ஓட்டினால் பிரேக் அவ்வளவாகச் சூடாகாது. நான் மாற்ற நினைத்தது பென்சில்வேனியாவுக்காக. அக்டோபரில் ஹெர்ஷியில் நடக்கும் பழைய வண்டிச் சந்தைக்கு இந்த வண்டியையே ஓட்டிக்கொண்டு போக ஆசை, வழியில் டர்ன்பைக் (சுங்கம் வாங்கும் நெடுஞ்சாலை) மலையேறி இறங்கும். பவர்கிளைடில் இருப்பதே இரண்டு கியர், வேகத்தில் இறங்கும்போது கீழ் கியருக்குப் போட்டு இன்ஜினால் இழுத்துப் பிடிக்கவும் வழியில்லை, எல்லாம் பிரேக் தலையில்தான் விழும். 35 மைலில் இருந்து நிறுத்துவதைவிட 70 மைலில் இருந்து நிறுத்த நாலு மடங்கு சூடு உண்டாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். இரண்டு 11 அங்குல ரோட்டர் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு, ஹப்போடு சேர்ந்த ஒரே வார்ப்பு), இரண்டு காலிப்பர் (பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் ரோட்டரை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிப்பது), அவற்றைப் பழைய ஸ்பிண்டிலில் மாட்ட இரும்பு பிராக்கெட், பேரிங், சீல், ஹோஸ், பூஸ்டர், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், காம்பினேஷன் வால்வு, ஒரு பை நிறைய நட்டு போல்ட், நாலு பக்கத்தில் மங்கலாக அச்சான கையேடு. விலை அனுப்பும் செலவோடு சுமார் 850 டாலர்.

இதில் மிகவும் பிடித்தது காலிப்பர். 1969இல் இருந்து ஜிஎம் (செவ்ரோலெவின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் வந்த ஒற்றைப் பிஸ்டன், நகரும் வகைக் காலிப்பர்தான் இது, அதற்குப் போகும் பேட் டி52 என்ற அளவு. பல வருடம் ஜிஎம் கார்களிலும் பிக்கப்களிலும் போட்ட பேட் என்பதால் எந்தச் சிற்றூரில் உள்ள பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் கேட்டாலும் பெரும்பாலும் அன்றைக்கே கிடைக்கும். கிட் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: தேய்கிற சாமான்களான பேட், ரோட்டர், ஹோஸ், பேரிங் எல்லாம் தொழிற்சாலை வண்டிச் சாமானாக இருக்கிறதா, அல்லது அந்தக் கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும் தனிச் சரக்கா. பளபளவென்று சிவப்பு பெயிண்ட் அடித்த நாலு பிஸ்டன், ஆறு பிஸ்டன் காலிப்பர் எல்லாம் பார்க்க அழகுதான், பத்து வருடம் கழித்து சீல் போனால் கம்பெனியே இருக்குமா என்று யார் சொல்ல முடியும்.

பிடிக்காதது பிராக்கெட்டும் கையேடும். பிராக்கெட் தடிமன் போதும், ஆனால் ஒரு துளையின் ஓரத்தில் வெட்டிய பிசிறு அப்படியே இருந்தது, அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் ஸ்பிண்டிலில் தட்டையாக உட்கார்ந்தது. தட்டையாக உட்காரவில்லை என்றால் காலிப்பர் ரோட்டருக்குச் சாய்வாக நிற்கும், பேட் ஒரு மூலையில் மட்டும் தேயும். மாட்டிய பிறகு ரோட்டரின் இரண்டு பக்கமும் காலிப்பருக்குள் சம இடைவெளி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும், பார்க்காமல் விடாதீர்கள்.

கையேட்டில் உள்ள படத்தில் காலிப்பர் இடம் வலம் மாறிக் கிடக்கிறது. இது சின்ன அச்சுப்பிழை இல்லை. மாற்றி மாட்டினாலும் போல்ட் எல்லாம் ஒழுங்காக இறுகிவிடும், ஆனால் காற்று எடுக்கும் நிப்பிள் கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலே போய்த்தான் உட்காரும், நிப்பிள் கீழே இருந்தால் ஒரு கேன் பிரேக் ஆயிலைத் தீர்த்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். நிப்பிள் மேலே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விதி, படத்தைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது வீல். 66 இம்பாலா தொழிற்சாலையில் இருந்து வந்தது 14 அங்குல ரிம்மோடு. டிரம்முக்குச் செய்த அந்த ரிம்மின் உள் வளைவு காலிப்பரில் இடிக்கும். கிட் விளம்பரத்தில் இது கடைசி வரியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவு எழுத்தில் இருக்கிறது. 15 அங்குல ரிம் வாங்கினேன், ரிம் மாறினால் டயரும் நாலு புதிதாக வாங்க வேண்டும், பழைய வீல் கப்பும் பொருந்தாது. கிட்டுக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி இன்னொரு முறை போனது. அதுவும் போக, ரோட்டர் தடிமனால் வீல் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது, என் வண்டியில் ஃபெண்டரில் உரசவில்லை, ஆனால் வண்டியைத் தாழ்த்தி வைத்திருப்பவர்கள் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் ரோட்டில் இறக்குங்கள். ஹோஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் முழு ஒடிப்பில் டயரில் உரசாமல், இழுபடாமல் இருக்க வேண்டும்.

பழைய டிரம்மைக் கழற்றும்போது ஒரு விஷயம். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், மூக்குக்குள் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. ஈரப்படுத்தித் துடைத்து எடுங்கள்.

பேரிங்கைப் பற்றிக் கையேட்டில் ஒரே வரி: இறுக்கவும். எவ்வளவு? ரோட்டரைச் சுற்றிக்கொண்டே நட்டை ஸ்பேனரால் மெதுவாக இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் முழுதாகத் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்கி, காட்டர் பின்னுக்கு துளை நேராக இல்லையென்றால் தளர்த்தும் பக்கமாகத்தான் திருப்ப வேண்டும். மிகச் சின்ன ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். ஆட்டமே இருக்கக்கூடாது என்று ஸ்பேனர் போட்டு நெருக்கினால் பேரிங் வெந்துவிடும். காலிப்பர் நகரும் பின்களுக்கு சிலிக்கான் பிரேக் கிரீஸ், பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் அங்கே போட்டால் ரப்பர் உப்பிவிடும்.

பைப் வேலையை இந்தக் கிட்காரர்கள் மிகவும் சுலபமாகக் காட்டுகிறார்கள். பழைய மாஸ்டரில் இருந்து ஒரே பைப், புதியதில் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று. பித்தளை அடாப்டர்களைக் கோர்த்துக் கோர்த்து மாட்டச் சொல்கிறது கையேடு, கோர்க்கிற ஒவ்வொரு இடமும் கசிய ஒரு இடம். நான் அடாப்டர்களைப் பையிலேயே விட்டுவிட்டு நிக்கல் கலந்த செம்புக் குழாய் சுருள் வாங்கி, முனைகளுக்கு இரட்டை மடிப்பு ஃப்ளேர் (கசியாமல் உட்கார விரித்து மடித்த வாய்) அடித்து, வால்வில் இருந்து ஒரே துண்டாக இழுத்தேன். இந்தக் குழாய் கையால் வளையும், துருப்பிடிக்காது, மிச்சிகனில் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பை நினைத்தால் இதுதான் சரி. வெறும் செம்புக் குழாய், ஏசிக்குப் போடுவது, அதைப் பிரேக்குக்குப் போடவே கூடாது, அழுத்தத்தில் பிளந்துவிடும்.

இனி இந்தக் கிட்டின் உண்மையான குறை. எல்லாம் மாட்டி, காற்று எடுத்து (பெடல் மிதிக்க வீட்டில் ஆளைக் கூப்பிட்டு, "மிதி, பிடி, விடு" என்று கத்தி, அது தனிக் கதை), முதல் ஓட்டத்தில் அருமையாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் வண்டி கனமாக இழுக்க ஆரம்பித்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் முன் இரண்டு வீல் கப்பிலும் கை வைக்க முடியாத சூடு, கருகிய வாடை. பெடலை விட்ட பிறகும் பிரேக் விடவில்லை.

இப்படி ஆனால் உடனே காலிப்பரைக் குறை சொல்லாதீர்கள். பூஸ்டரில் மாஸ்டரை மாட்டியிருக்கும் இரண்டு நட்டை ஓரிரண்டு சுற்று தளர்த்துங்கள். மாஸ்டர் சற்று முன்னால் நகர்ந்ததும் சக்கரம் கையால் சுற்றும் அளவுக்கு விட்டுவிட்டால், பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவே இருக்கும் தள்ளுகம்பி நீளமாக இருக்கிறது என்று அர்த்தம். கம்பி ஒரு நூல் நீளம் கூடினாலும் மாஸ்டருக்குள் பிஸ்டன் முழுதாகத் திரும்பி வராது, ஆயில் தொட்டிக்குத் திரும்பிப் போகிற சின்னத் துளை மூடியே கிடக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழியில்லாமல் பேடை நெருக்கும், நெருக்க நெருக்க இன்னும் சூடு. நட்டைத் தளர்த்தியும் விடாமல், காலிப்பர் நிப்பிளைத் திறந்ததும் விட்டால் நடுவில் ஹோஸோ வால்வோ அடைத்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால்தான் காலிப்பர்.

என் வண்டியில் கம்பிதான். பூஸ்டரும் மாஸ்டரும் ஒரே பெட்டியில், "பொருத்திப் பார்த்து அனுப்புகிறோம்" என்ற சீட்டோடு வந்தவை. கம்பியின் முனையில் இருக்கும் அட்ஜஸ்ட் திருகைக் குறைத்து, மாஸ்டருக்கு நடுவே மிகச் சின்ன இடைவெளி விட்டு மாட்டியதும் சரியாகிவிட்டது. விற்றவருக்கு எழுதினேன், புது பேட் ஒரு செட் அனுப்பி வைத்தார்கள், அது மட்டும் நல்ல குணம். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அந்தப் பேடும் தேவைப்பட்டிருக்காது.

வால்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முன் டிஸ்க், பின் டிரம் என்றால் இரண்டுக்கும் குணம் வேறு. பின் ஷூ ஸ்பிரிங்கை மீறி டிரம்மைத் தொடும் வரை முன் பேடைக் கொஞ்சம் தாமதிக்க வேண்டும், அழுத்தி மிதிக்கும்போது எடை எல்லாம் முன்னால் சாய்வதால் பின்னுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கவும் வேண்டும். காம்பினேஷன் வால்வு இந்த இரண்டையும் செய்கிறது, கூடவே ஒரு பக்கம் அழுத்தம் போனால் எச்சரிக்கை விளக்குக்கு ஸ்விட்சும் இருக்கிறது. இந்தக் கிட்டில் வந்த வால்வு சரியாகவே வேலை செய்கிறது. ஈர ரோட்டில் காலியான பார்க்கிங்கில் அழுத்தி மிதித்துப் பார்த்தேன், பின்பக்கம் வழுக்கிச் சுற்றவில்லை. பழைய டிரம் மாஸ்டரையே வைத்துக்கொண்டு முன்னால் டிஸ்க் மட்டும் மாட்டுகிறவர்கள் உண்டு. அந்த மாஸ்டருக்குள் டிரம்முக்காக மிச்ச அழுத்தம் பிடித்து வைக்கும் ஒரு வால்வு இருக்கும், டிஸ்க்கில் அது பேடை எப்போதும் ரோட்டரில் உரசிக்கொண்டே வைத்திருக்கும்.

பூஸ்டர் சின்ன விட்டம், இரட்டை டயஃப்ரம். இன்ஜினை அணைத்துவிட்டு பெடல் கல் மாதிரி ஆகும் வரை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும், இறங்குகிறது. 283 தொழிற்சாலை கேம்ஷாஃப்ட்டோடு இருப்பதால் வேக்குவத்துக்குக் குறைவில்லை. பெரிய கேம் போட்டு ஐடிலில் தடதடவென்று ஆடுகிற இன்ஜின் வைத்திருப்பவர்கள் முதலில் வேக்குவம் கேஜ் மாட்டிப் பாருங்கள், பாதரச அளவில் 18 அங்குலத்துக்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் இந்தப் பூஸ்டர் உங்களுக்குச் சுமைதான்.

ஓட்டிப் பார்த்ததில், முதல் மிதியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். டர்ன்பைக் இறக்கத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் அடுத்தடுத்து மிதிக்க வேண்டி வந்தபோதுதான் கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிந்தது, பெடல் அதே உயரத்தில், வண்டி அதே கோட்டில். மழையில் தேங்கிய தண்ணீரைத் தாண்டிய பிறகும் ஒரு பக்கம் இழுக்கவில்லை. பின்னால் இருப்பது இன்னும் டிரம்தான், ஷூவை அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டால் பெடல் தாழ்ந்து போகும், அதைக் கிட்டின் குறை என்று எழுதியிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது அந்த மலிவான சாமான். 66 வரை இம்பாலாவில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால், நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும், மிச்சம் கையில் இருப்பது பார்க்கிங் பிரேக் மட்டும். 1967 மாடலில் இருந்து ஜிஎம் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை கொடுத்தது, அடுத்த வருடம் மத்திய அரசு விதியே வந்துவிட்டது. 67 இம்பாலாவின் நாலு டிரம்முக்கான இரட்டை அறை மாஸ்டர், ஒரு பிரிப்பு பிளாக், கொஞ்சம் குழாய், மூன்று புது ஹோஸ், எல்லாம் சேர்த்து 100 டாலர் சொச்சத்தில் முடியும். ரிம் மாற்ற வேண்டாம், வீல் கப் அப்படியே இருக்கும், வண்டியின் அசல் தோற்றமும் கெடாது. ஞாயிற்றுக்கிழமை காபிக்கும், ஆகஸ்டில் உட்வர்டு அவென்யூவில் நடக்கும் பழைய வண்டி ஊர்வலமான டிரீம் குரூஸுக்கும் மட்டும் வண்டியை வெளியே எடுப்பவர் என்றால் இதைச் செய்துவிட்டு டிரம்மை நன்றாக அட்ஜஸ்ட் செய்யுங்கள், போதும். டிஸ்க் கிட் தரும் பாதுகாப்பில் பெரும்பங்கு அந்த இரட்டை அறையில்தான் இருக்கிறது, கிட் விற்கிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஃப்ரீவேயில் தினம் ஓட்டுகிறவர், மலை ஏறி இறங்குகிறவர், பின்னால் டிரெய்லர் இழுக்கிறவர், இவர்கள் கிட் வாங்கலாம். பவர்கிளைடை எடுத்துவிட்டு நாலு கியர் உள்ள 200-4ஆர் ஆட்டோமேட்டிக் போடப்போகிறவர்களையும் இதில் சேர்ப்பேன். அதன் நாலாவது கியர் 0.67, இன்ஜின் சுற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், வண்டி அமைதியாக 70இல் போகும், ஓட்டுகிறவரும் தானாக 70இல் போவார். அந்தக் கியர்பாக்ஸுக்கு முன்னால் பிரேக்கை முடித்துவிடுங்கள்.

மதிப்பெண் கேட்டால் சாமானுக்கு ஐந்துக்கு நாலு, கையேட்டுக்கு ஒன்று. வாங்குகிறவர்கள் பழைய டிரம்மையும் பேக்கிங் பிளேட்டையும் இரும்புக்குப் போடாமல் ஒரு மூலையில் வைத்திருங்கள், பின்னால் வண்டியை விற்கும்போது அசல் சாமான் கேட்கிற ஆள் வருவார். கிட் வந்த பெட்டியையும் கொஞ்ச நாள் வைத்திருங்கள், பேடுக்காக நான் எழுதியபோது விற்றவர் முதலில் கேட்டது பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த லாட் நம்பரைத்தான்.